பிடுங்கிய பற்களை எண்ணாதீர்கள்

(வெளிநாடுகளில் தொண்டூழியம் புரிவது பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பேராக் மாநிலத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய நண்பர், தொண்டூழியத்திற்குப் போகிறவர்கள் கொடுப்பதைவிடப் பெறுவதே அதிகம் என்றார். மன நிறைவு, பணிவு, புதிய நட்பு என்று பட்டியல் போட்டார். அத்தனையும் உண்மை. ஆனால், நாம் யாரைத் தேடிப் போகிறோமோ அவர்கள் பெற்றது என்ன? அந்தக் கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. கேட்டே தீரவேண்டிய நிலை எனக்கு ஒருமுறை வந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தோட்டத்துப் பள்ளிக்கு வந்த மிஸ்ஸி

நான் பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டியவர். 1970களில் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பல் தாதி வருவார். நாங்கள் 'பல்லு மிஸ்ஸி' என்போம். அவருடைய வேன் வாசலில் நின்றால் போதும், பாதி வகுப்பு பின்பக்கமாக ஓடி மரங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். நானும் ஓடியவள்தான். தலைமையாசிரியர் பிரம்போடு வந்து அழைத்துப் போவார்.

அந்த மிஸ்ஸி எங்கிருந்து வந்தார் என்பது பல் மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கென்றே தாதியரைப் பயிற்றுவிக்கும் முறையை 1921இல் தொடங்கிய நாடு நியூசிலாந்து. அதே முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பயிற்சி தொடங்கியது. அன்று மலாயாவில் பல் மருத்துவர்கள் மிகச் சிலரே. வெளிநாட்டு மருத்துவர்களை வரவழைத்து வருடத்திற்கு நான்கு நாள் பல் பிடுங்கச் சொல்லியிருந்தால் நம் கதை வேறாக இருந்திருக்கும். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் போனார்கள், மறு ஆண்டும் போனார்கள். 1972இல் குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்ப்பது தேசியக் கொள்கையானது. நம் பிள்ளைகளின் பற்கள் பிழைத்ததற்கு இவை பெரிய காரணங்கள்.

இந்தப் பாடம் என் சொந்த வாயிலேயே இருந்தது. ஆனாலும் கம்போடியாவுக்குப் போனபோது நான் அதை மறந்துவிட்டேன்.

நான்கு நாட்கள், நீண்ட வரிசை

நான் மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவள். 2014இல் எங்கள் நண்பர்கள் சிலர் ஒரு கிறிஸ்தவ மருத்துவக் குழுவாகக் கம்போடியா புறப்பட்டார்கள். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவரவர் செலவு. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சொந்தக் கிளினிக், வளர்ந்த பிள்ளைகள். 'இதுவரை வாங்கியது போதும், கொஞ்சம் கொடுப்போம்' என்ற எண்ணத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.

எங்களுக்குக் கிடைத்த ஊர் கம்போங் தோம் மாநிலத்தில் ஒரு கிராமம். பெயரைக் கேட்டதுமே நம் கம்போங் நினைவுக்கு வரும். ஊருக்குள் நுழைந்தால் இரு பக்கமும் பனைமரங்கள். பனஞ்சாற்றைக் காய்ச்சிக் கருப்பட்டி போல் சர்க்கரை எடுக்கிறார்கள். இரு கைகளையும் கூப்பித்தான் வணக்கம் சொல்கிறார்கள். அந்நிய நாடு என்ற எண்ணமே வரவில்லை.

அங்கே ஏன் பல் மருத்துவர்கள் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சியில் படித்தவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். மருத்துவர்களிலும் பல் மருத்துவர்களிலும் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், அல்லது பட்டினியால் இறந்தார்கள், அல்லது நாட்டைவிட்டு ஓடினார்கள். கற்பிக்க ஆளில்லாத நிலையிலிருந்து அந்த நாடு மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. புதிதாகப் படித்து வந்தவர்களில் பெரும்பாலோர் தலைநகர் புனோம் பென்னில் தொழில் நடத்துகிறார்கள். கிராமத்தில் பல் வலி வந்தால், முறையாகப் படிக்காமல் கைப்பழக்கத்தில் கற்றுக்கொண்ட 'பல் வைத்தியர்' ஒருவரிடம் போகவேண்டும். இல்லையென்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு ஒரு பள்ளி வகுப்பறையைக் கொடுத்தார்கள். சாய்வதற்கு வழியில்லாத பிளாஸ்டிக் நாற்காலி. நோயாளியின் தலைக்குப் பின்னால் ஒரு தொண்டூழியர் நின்று தன் வயிற்றின்மேல் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வார். கெமர் மக்களுக்குத் தலை புனிதமானது. தொடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்க வேண்டும். என் நெற்றியில் ஒரு விளக்கு. கருவிகளைக் கழுவி, கேஸ் அடுப்பில் ஏற்றிய அழுத்தக் கொதிகலனில் கிருமி நீக்குவோம். 'சூ தே?', அதாவது 'வலிக்கிறதா?' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் கெமர் மொழியில் கற்றுக்கொண்டேன்.

விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். ஊசி போடுவது, குறடால் பல்லை எடுப்பது, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்வது, அடுத்தவரை அழைப்பது. நான்கு நாளில் நாங்கள் இரண்டு பல் மருத்துவர்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட பற்களைப் பிடுங்கினோம்.

கடைசி நாள் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல் பெரிய குழியாக இருந்தது. நேயர்களே, இந்தப் பல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலேயே, வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் இது முளைக்கிறது. அதனால் பல பெற்றோர் இதையும் பால்பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது நிரந்தரப் பல். போனால் திரும்ப முளைக்காது. என் கிளினிக்காக இருந்திருந்தால் வேர்ச் சிகிச்சை செய்து அந்தப் பல்லைக் காப்பாற்றியிருப்பேன். அங்கே அதற்கு வசதி இல்லை. பிடுங்கினேன். அவள் அழவில்லை. எழுந்து நின்று, கைகூப்பி, 'ஆர்குன்' என்று நன்றி சொன்னாள்.

ஊர் திரும்பி ஒரு கூட்டத்தில் படங்களோடு அறிக்கை வாசித்தோம். பற்களின் எண்ணிக்கையைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

'மறுநாள் என்னிடம்தான் வருகிறார்கள்'

2015இல் மீண்டும் அதே கிராமம். இந்த முறை அந்த வட்டாரச் சுகாதார நிலையத்தின் தாதி எங்களைப் பார்க்க வந்தார். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். சாந்தமான முகம். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலமாகப் பேசினார்.

முந்தைய ஆண்டு நாங்கள் புறப்பட்ட நாளில் ஒரு பெண்ணுக்குப் பல் எடுத்திருந்தோம். வந்தபோதே அவருக்குத் தாடை வீங்கியிருந்தது. பல்லை எடுத்து, மாத்திரை கொடுத்து, பிற்பகலில் நாங்கள் பேருந்து ஏறிவிட்டோம். மூன்றாம் நாள் வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துவரை இறங்கியது. வாயைத் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சுவிடச் சிரமம். இது உயிரைக் குடிக்கும் நிலை என்பது எந்தப் பல் மருத்துவருக்கும் தெரியும். கணவர் அவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஓர் ஆள் பிடித்துக்கொள்ள, மாநில மருத்துவமனைக்குக் கொண்டு போனாராம். பிழைத்துக்கொண்டார். செலவுக்காக அந்தக் குடும்பம் ஒரு மாட்டை விற்றது.

மாத்திரை என்னவாயிற்று என்று கேட்டேன். 'வலிக்கும்போது சாப்பிடச் சொன்னார்கள்' என்றாராம் அந்தப் பெண். இரண்டு சாப்பிட்டதும் வலி அடங்கியிருக்கிறது. மீதியைப் பிள்ளைக்கு உதவும் என்று எடுத்து வைத்துவிட்டார். ஐந்து நாளும் விடாமல் சாப்பிட வேண்டும் என்று நான் சொன்னது இரண்டு மொழிகளைக் கடந்து போவதற்குள் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

அந்தத் தாதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்: "நீங்கள் வருவது எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் நீங்கள் போன மறுநாள் அவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். யாருக்கு எந்தப் பல்லை எடுத்தீர்கள், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லையே."

எங்களிடம் எண்ணிக்கை இருந்தது. கைதட்டல் வாங்குவதற்கு அது போதும். ஒருவர் பெயர்கூட அந்த ஊரில் பதிவாகவில்லை. என் சொந்தக் கிளினிக்கில் குறிப்பு எழுதாமல் ஒரு பல்லைத் தொட்டிருக்க மாட்டேன். ஏழை நாட்டில் இலவசமாகச் செய்கிறோம் என்றதும் அந்த ஒழுங்கை எப்படிக் கைவிட்டேன்? இலவசம் என்ற சொல் என் கண்ணை மறைத்திருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

அடுத்த நாள் அந்தச் சிறுமியும் வந்தாள். மறுபக்கத்துக் கடைவாய்ப்பல்லும் அதே நிலையில் இருந்தது. ஒரு வருடத்தில் அவளுக்காக நாங்கள் வேறு எதுவும் செய்திருக்கவில்லை.

குறைவாகப் பிடுங்கக் கற்றோம்

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் காரசாரமான விவாதம் நடந்தது. இனிப் போகவே வேண்டாம் என்றார் ஒருவர். வலியோடு நிற்பவரைத் திருப்பி அனுப்பலாமா என்றார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் இருந்தது. முடிவில், போவோம், ஆனால் போகும் விதத்தை மாற்றுவோம் என்று தீர்மானித்தோம்.

முதல் மாற்றம், ஒரு நோட்டுப் புத்தகம். இருபது காசு விஷயம் என்று நினைக்காதீர்கள். நோயாளியின் பெயர், எடுத்த பல், கொடுத்த மருந்து, கவனிக்க வேண்டியது ஆகிய அனைத்தும் கெமர் மொழியில் எழுதப்பட்டு, நாங்கள் புறப்படும்போது தாதியின் கையில் ஒப்படைக்கப்படும். எந்த வீக்கம் ஆபத்தானது, யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை அவரோடு உட்கார்ந்து பேசினோம். வீக்கத்தோடு வருபவர்களுக்கு முதல் நாளே சிகிச்சை. கடைசி நாள் பல் எடுப்பதே கிடையாது. அன்று, முன் நாட்களில் பல் எடுத்தவர்களைத் திரும்ப அழைத்துப் பார்ப்போம்.

இரண்டாவது மாற்றம், குறடுக்குப் பதிலாகக் கரண்டி. 1980களின் நடுப்பகுதியில் தான்சானியாவில் ஒரு முறை உருவானது. 'ஏ.ஆர்.டி.' என்பார்கள். மின்சாரம் வேண்டாம், துளைக்கும் இயந்திரம் வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். சொத்தையால் மெத்தென்று ஆன பகுதியைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு, ஃபுளோரைடு கசியும் ஒருவகைப் பசையால் அடைப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் இதை உலக நாடுகளுக்கு எடுத்துச் சொன்னது. குழி ஆழமாகும் முன் செய்தால் பல் பிழைக்கும். பிள்ளைகளின் பால்பற்களுக்குச் 'சில்வர் டயமைன் ஃபுளோரைடு' என்ற சொட்டு மருந்து இருக்கிறது. தடவினால் சொத்தை கறுத்துப்போகும், ஆனால் மேலும் பரவாமல் நிற்கும். 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மூன்றாவது, நாங்கள் தனியாகப் போவதை நிறுத்தினோம். அந்நாட்டு அதிகாரிகளின் அனுமதியோடு, புனோம் பென்னில் படிக்கும் பல் மருத்துவ மாணவர்களையும் சேர்த்துக்கொண்டோம். மொழிபெயர்க்க வந்தவர்கள் மெல்ல மெல்ல சிகிச்சை அளிக்கத் தொடங்கினார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து அவர்கள் பக்கத்தில் நின்றேன்.

நான்காவது, பள்ளியில் பல் துலக்குதல். பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஒரு பள்ளித் திட்டத்தில் பிள்ளைகள் தினமும் பள்ளியிலேயே ஒன்றாகக் கைகழுவி, ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்குகிறார்கள். கம்போடியா, லாவோஸ், இந்தோனேசியா வரை அது பரவியிருக்கிறது. அதைப் பார்த்து எங்கள் கிராமப் பள்ளியிலும் ஆசிரியர்கள் தொடங்கினார்கள். எங்கள் பங்கு, தூரிகையும் பற்பசையும் வாங்குவதற்கான பணம் மட்டுமே.

அந்த ஆண்டு நாங்கள் பிடுங்கிய பற்கள் நூறுக்கும் குறைவு. ஊர் திரும்பி அறிக்கை வாசித்தபோது கைதட்டல் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. நன்கொடையாளர் ஒருவர், 'ஏன் டாக்டர், இந்த வருஷம் வேலை குறைவா?' என்று கேட்டார்.

புத்த ஆலயத்தில் கிறிஸ்தவக் குழு

இந்த இடத்தில் உங்களில் பலர் மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியைத் தொட வேண்டும். கிறிஸ்தவக் குழு என்றால் மதம் மாற்றத்தானே போகிறீர்கள் என்று என் அண்டை வீட்டு அக்காவே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

முதல் பயணத்திலேயே அது எழுந்தது. சிகிச்சைக்கு எண் கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஜெபக் கூட்டம் வைக்கலாமே என்றார் எங்களில் ஒருவர். எங்களோடு வந்திருந்த வயதான போதகர் மறுத்துவிட்டார். "பல் வலியோடு இருப்பவன் எதற்கும் தலையாட்டுவான் ஐயா. அந்தத் தலையாட்டலை நாம் வாங்கக்கூடாது" என்றார். காலையில் நாங்கள் மட்டும் தனியாகக் கூடி ஜெபித்தோம். பிறகு எல்லோருக்கும் ஒரே வரிசை. இன்றுவரை அதுதான் எங்கள் விதி.

2016இல் பள்ளி வகுப்பறை கிடைக்கவில்லை. அந்த ஊர்ப் புத்த பிக்கு, ஆலயத்தின் மண்டபத்தைத் திறந்துவிட்டார். புத்தர் சிலைக்கு எதிரே கிறிஸ்தவக் குழுவின் கிளினிக்! பிக்குவுக்கே கடைவாய்ப் பல்லில் வலி. பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது என்பது அவர்கள் நெறி. அதனால் நான் விலகி நின்றேன், எங்கள் ஆண் மருத்துவர் கவனித்தார். என் நம்பிக்கையை நான் யாரிடமும் மறைத்ததில்லை. என்னை அங்கே போகவைத்ததே அதுதான். ஆனால் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவரால் பதில் பேச முடியாது. அந்த நேரத்தில் அவரிடம் சமயம் பேசுவது உரையாடல் ஆகாது.

நமக்கும் ஒருவர் வந்தார்

மருத்துவ ஊழியர்கள் கடல் கடந்து தமிழர்களிடமும் வந்திருக்கிறார்கள். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். இடையில் சில ஆண்டுகள் தவிர 1873வரை அங்கே பணியாற்றினார். அவர் எத்தனை கட்டிகளை அறுத்தார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அவர் தமிழ் கற்று, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார் என்பதைத் தமிழுலகம் இன்றும் பேசுகிறது. அவர் கப்பல் ஏறிய பிறகும் அந்த மாணவர்கள் ஊரில் இருந்தார்கள். நான்கு நாள் பயணம் போகும் நாம் கிரீன் ஆக முடியாது. ஆனால் அவரிடமிருந்து ஒரு கேள்வியைக் கடன் வாங்கலாம்: நாம் புறப்பட்ட பிறகு ஊரில் யார் இருப்பார்கள்?

அந்த நோட்டுப் புத்தகம்

2020இல் கோவிட் பெருந்தொற்று வந்தது. எல்லைகள் மூடப்பட்டன. 2023வரை எங்களால் போக முடியவில்லை. எல்லாம் பழையபடி ஆகியிருக்கும் என்ற பயத்தோடுதான் போனேன்.

சுகாதார நிலையத்தில் அந்தத் தாதி மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எங்கள் பக்கங்கள் முடிந்த இடத்திலிருந்து அவருடைய கையெழுத்து தொடர்ந்திருந்தது. அது நிரம்பி இரண்டாவது புத்தகமும் பாதியாகியிருந்தது. யார் வீக்கத்தோடு வந்தார்கள், யாரை மருத்துவமனைக்கு அனுப்பினார், யார் திரும்பி வந்தார்கள் எல்லாம் இருந்தன. எங்களுக்கு ஒரு காலத்தில் மொழிபெயர்த்த மாணவர் இப்போது பல் மருத்துவர். சில மாதங்களுக்கு ஒருமுறை அவரே நண்பர்களோடு வந்து போகிறார்.

அந்தச் சிறுமியை நான் பார்க்கவில்லை. புனோம் பென்னில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாளாம். அவள் தம்பி பள்ளியில் இருந்தான். பத்து வயது. வாயைத் திறந்து காட்டினான். நான்கு கடைவாய்ப் பற்களும் இருந்தன. இரண்டில் நாங்கள் அடைத்த பசை தேய்ந்திருந்தாலும் உதிரவில்லை. அவன் அக்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கடனை அவன் வாயில் அடைத்துவிட்டதாக நான் சொல்லிக்கொள்ள முடியாது.

உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அதைக் குறடு கொண்டு யாரும் தீர்த்துவிட முடியாது. எனவே, தொண்டூழியம் புரிய ஆசைப்படும் இளம் மருத்துவர்களுக்கு மூன்று வேண்டுகோள்களோடு நிறைவு செய்கிறேன். ஒன்று, போகும் நாட்டின் அனுமதியோடும், அவ்வூர் மருத்துவ ஊழியர்கள் அழைத்தும் போங்கள். இரண்டு, உங்கள் சொந்தக் கிளினிக்கில் செய்யத் துணியாததை அங்கேயும் செய்யாதீர்கள். மூன்று, ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். திரும்பிப் போகிறவருக்குத்தான் தன் தவறு கண்ணில் படும்.

கைதட்டப் போகும் நேயர்களுக்கும் ஒன்று. தொண்டூழியம் முடித்து வருகிறவரிடம், 'எத்தனை பல் பிடுங்கினீர்கள்?' என்று கேட்காதீர்கள். 'எழுதி வைத்துவிட்டு வந்தீர்களா?' என்று கேளுங்கள். எங்களிடம் அதைக் கேட்க ஒரு தாதி சைக்கிளில் வரவேண்டியிருந்தது.